வெண்ணொளி தரும் தூள்கள்

பழுதுபட்ட எல்.இ.டி. மின்விளக்கு ஒன்றின் மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். உள்ளே வட்டமான அலுமினியத் தகட்டின்மீது அரிசிமணி அளவில் சில மஞ்சள் பொட்டுகள் பதிந்திருக்கும். எரியும்போது வெள்ளை வெளேரென ஒளிர்ந்த பொருள் அணைந்தபின் மஞ்சளாக இருப்பானேன்? அம்மஞ்சள் வெறும் சாயப்பூச்சு அன்று. அதனடியில் புதைந்துள்ள மிகச் சிறிய படிகம் நீல ஒளி ஒன்றையே தரவல்லது. அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி, மஞ்சளாக மாற்றி வெளியிடுவது மேலே பரப்பப்பட்டுள்ள தூளின் வேலை. விழுங்கப்படாமல் தப்பிய நீலமும் புதிதாய்ப் பிறந்த மஞ்சளும் கண்ணில் ஒன்றுகூடி வெண்மையாகத் தோன்றுகின்றன.

இவ்வாறு ஒருவகை ஒளியை ஏற்று வேறுவகை ஒளியை வெளியிடும் பொருள்களுக்கு ஒளிர்பொருள்கள் என்று பெயர். ஒரு வெள்ளை விளக்கு எத்துணை மின்சக்தியைச் சேமிக்கும், அதன் கீழ் வைத்த பொருளின் நிறம் உள்ளபடி தோன்றுமா, விளக்கு எத்தனை ஆண்டுகள் மங்காமல் எரியும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெரும்பாலும் இத்தூளில்தான் அடங்கியிருக்கிறது. எனினும் விளக்கைப் பற்றிப் பேசுவோர் தூளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பழைய விளக்கும் அதன் விரயமும்

எரியிழை மின்குமிழில் டங்ஸ்டன் கம்பி ஏறக்குறைய 2,500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறி ஒளிவிடுகிறது. அதற்குச் செலுத்தப்படும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கோ, சற்றுக் கூடுதலோதான் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகிறது. எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. சுருங்கச் சொன்னால் அது சிறிது வெளிச்சமும் தரும் ஓர் அடுப்பு. 60 வாட்டு எரியிழைக் குமிழின் வெளிச்சத்தை இன்று 9 வாட்டு எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிவதாகக் கொண்டால், முன்னதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட்டும் பின்னதற்குப் பதினாறு யூனிட்டுக்குச் சற்று மேலும் செலவாகும். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களிடம் சேர்ந்துள்ளன என்பதை நோக்கின் இக்கணக்கின் பெருமை விளங்கும்.

ஒளிர்பொருளின் கதை எல்.இ.டி.யுடன் தொடங்கியதன்று. குழல் விளக்கின் உட்சுவரில் படிந்திருக்கும் வெண்பொடியும் ஒளிர்பொருளே. குழலினுள் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் எழுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பொடியின்மீது பட்டதும் வெள்ளொளியாக மாறுகிறது. 1942இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட கால்சியம் ஹாலோபாஸ்பேட் என்னும் பொடி நெடுங்காலம் இத்தொழிலை ஆண்டது. அதிற் சேர்த்த ஆன்டிமனி நீல ஒளியையும், மாங்கனீசு செம்மஞ்சள் ஒளியையும் தந்தன. பின்னர் 1970களில் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தார் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனி அருமண் ஒளிர்பொருள்களைக் கலந்து, மேலான நிறமும் மிகுந்த வெளிச்சமும் ஒருங்கே பெற்றனர். வீடுகளில் சில காலம் பரவியிருந்த சிறு சுருள் விளக்குகள் அக்கலவையின் பயனே.

ஆயினும் அவ்விளக்குகளில் ஒரு நீங்காக் குறை இருந்தது. ஒளி துகள் துகளாகவே ஏற்கப்படுகிறது, வெளியிடப்படுகிறது. ஒரு துகளை ஏற்றால் பொதுவாக ஒரு துகளே வெளிவரும். ஒளித்துகளின் சக்தியோ அலைநீளம் கூடக் கூடக் குறைவது. ஆகவே 254ஐ 555ஆல் வகுத்துப் பார்த்தால், புற ஊதாத் துகள் ஒன்று பச்சைத் துகளாக மாறும்போது பாதிக்கும் குறைவான சக்தியே ஒளியாகத் திரும்புகிறது என்பது தெரியவரும். மீதி பொடியைச் சூடாக்குவதில் கழிகிறது. எத்துணைச் சிறந்த பொடியைக் கண்டுபிடித்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. தொடங்கும் கதிரின் அலைநீளமே நீண்டதாக இருந்தாலன்றி வழியில்லை. இதனுடன் பாதரசத்தின் நஞ்சையும் சேர்த்து எண்ணினால், புதிய வழி தேடப்பட்டதன் காரணம் புலனாகும்.

நீலம் வந்த வழி

சிவப்பு, பச்சை எல்.இ.டி.க்கள் 1960களிலிருந்தே படிப்படியாகக் கிடைத்து வந்தன. ஒளிமிக்க நீலம் மட்டும் கைக்கு எட்டவில்லை. அதற்குரிய காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் குற்றமற்ற படிகமாக வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக் கழகத்தில் இசாமு அகசாகியும் அவர் மாணவர் ஹிரோஷி அமானோவும் 1986இல் நல்ல படிகத்தைப் பெற்றனர். நிச்சியா என்னும் நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993இல் பேரொளி வீசும் நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. இங்கே ஒரு செய்தி குறிக்கத் தக்கது: நிச்சியாவின் பழந்தொழில் ஒளிர்பொருள் தூள்களைச் செய்து விற்பது. நீலப் படிகம் ஒரு கையிலும் தூள் மறு கையிலும் இருந்தமையால், மூன்றே ஆண்டுகளில், 1996இல், அவ்விரண்டையும் இணைத்து வெள்ளை விளக்கை அந்நிறுவனம் வெளியிட்டது.

அதற்குப் பயன்பட்ட தூள் இட்ரியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்னெட் வகைப் படிகம். அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று இட்ரியம் அணுக்களின் இடத்தில் சீரியம் அணுக்கள் குடியேற்றப்பட்டுள்ளன. இத்தூளையும் பிலிப்ஸ் நிறுவனத்தாரே 1967இல் வேறொரு தேவையை முன்னிட்டு விவரித்திருந்தனர். நீலப் படிகம் கிடைத்த பின்னரே இதன் முழுமதிப்பும் உலகுக்குத் தெரிந்தது.

சீரியம் செய்யும் வேலை

தாய்ப்படிகம் தானாக ஒளிர்வதில்லை. அது வீடு, ஒளிரும் வேலையைச் செய்வது அதில் குடியிருக்கும் சீரியம். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த சீரிய அணுவில், உட்கூட்டில் ஓர் எலெக்ட்ரான் தனித்து நிற்கிறது. நீல ஒளித்துகள் பட்டதும் அது வெளிக்கூட்டுக்குத் தாவுகிறது. வெளிக்கூடு அண்டையிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் தாக்குதலுக்கு உட்பட்டது. ஆதலால் அங்கே சென்ற எலெக்ட்ரான் சிறிது சக்தியை அதிர்வாக இழந்து, பின்பு பழைய இடத்துக்கே விழுகிறது. விழும்போது வெளிவருவது மஞ்சள் ஒளி. இவையெல்லாம் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் நடந்து முடிகின்றன.

வெளிக்கூடு சூழலுக்கு ஆட்பட்டது என்பது ஆராய்ச்சியாளருக்குப் பெரிய வாய்ப்பு. வீட்டை மாற்றினால் குடியிருப்பவர் குணம் மாறுவது போல, தாய்ப்படிகத்தை மாற்றினால் அதே சீரியம் நீலமாகவோ பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிரக்கூடும். புதிய ஒளிர்பொருளைத் தேடுவது என்பது பெரும்பாலும் புதிய தாய்ப்படிகத்தைத் தேடுவதே.

இம்மாற்றத்தை வகுப்பறையில் காட்டுவது எளிது. சிறிது மஞ்சள்தூளைத் தூய சாராயத்தில் கரைத்து வடித்துக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொள்ள வேண்டும். ரூபாய் நோட்டுகளைச் சோதிக்க வணிகர்கள் வைத்திருக்கும் ஊதாக் கைவிளக்கின் ஒளியை, இருட்டறையில் அதன்மீது பாய்ச்சினால் கரைசல் பசுமை கலந்த மஞ்சளாகச் சுடர்விடும். சிவப்புக் கைவிளக்கை எவ்வளவு நேரம் பாய்ச்சினாலும் அது சுடர்விடாது. சக்தி மிக்க துகளிலிருந்து சக்தி குறைந்த துகளைப் பெறலாம். தலைகீழாகப் பெற இயலாது என்பதை மாணவர் நேரிற் காண்பர். ஊதா ஒளி கண்ணில் நேரே படாதவாறு காப்பதும், சாராயத்தின் அருகில் தீ இல்லாதவாறு பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் பொறுப்பு.

நீலத்திலிருந்து தொடங்குவதன் ஆதாயத்தை முன்போலவே கணக்கிடலாம். 450 நானோமீட்டர் நீலம் 560 நானோமீட்டர் மஞ்சளாக மாறும்போது ஐந்தில் ஒரு பங்குதான் இழப்பு. அதிலும் நீலத்தின் ஒரு பகுதி மாறாமலே வெளிவருகிறது. பாதரசக் குழல் தோற்றது இங்கேதான்.

சிவப்பு என்னும் சிக்கல்

நீலமும் மஞ்சளும் கலந்தால் வெள்ளை என்பது கண்ணைப் பொறுத்த உண்மையே. ஆனால் ஒரு தக்காளியைப் பொறுத்தவரை அது போதாது. தக்காளி சிவப்பாகத் தோன்ற, அதன்மீது விழும் ஒளியில் சிவப்பு இருந்தாக வேண்டும். மஞ்சள் தூளின் ஒளி செம்பகுதிக்குள் சிறிது தூரமே சென்று மெலிந்துவிடுகிறது. எனவே முதலில் வந்த வெள்ளை விளக்குகளின் கீழ் வெண்தாள் வெண்மையாகவே தோன்றியது. சிவப்பு மட்டும் மங்கிப் பழுப்பேறியது. இரவில் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நோயாளியின் கீழிமையை விலக்கிச் சோகையைத் தேடும் செவிலியருக்கும், கதிரில் விழுந்த துரு நோயின் நிறத்தை விளக்கொளியில் ஆராயும் வேளாண்மை ஊழியருக்கும் இது அழகைப் பற்றிய பிரச்சினை அன்று.

வெளிச்சத்தின் அளவு ஒன்றையே நோக்கமாகக் கொண்டால் நேரும் கதிக்குப் பழைய தாழ்வழுத்தச் சோடிய விளக்கு சான்று. சிக்கனத்தில் அது பல காலம் முதலிடம் வகித்தது. ஆனால் அதன் ஒற்றை மஞ்சள் ஒளியின் கீழ் எல்லாப் பொருளும் மஞ்சளும் கருமையுமாகவே தோன்றும். சேலையின் நிறத்தைச் சொல்ல யாராலும் இயலாது.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு ஒரு குறியீட்டெண் உண்டு. விளக்குப் பெட்டிகளில் சி.ஆர்.ஐ. என்று அச்சிடப்படுவது அதுவே. சூரிய ஒளிக்கோ எரியிழை ஒளிக்கோ நிகரானது 100 எனக் கொள்ளப்படும். இந்த எண் எட்டு நிற மாதிரிகளின் சராசரியாகும். எட்டும் வெளிறிய நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரியாக இருப்பதால் அது சராசரியில் சேர்வதில்லை. ஆகவே 80 என்று பெட்டியில் போட்டிருந்தும் சிவப்பை மிகவும் மோசமாகக் காட்டும் விளக்குகள் உண்டு. மருத்துவமனைக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ விளக்கு வாங்குவோர், ஆர்-9 எனப்படும் இந்த ஒன்பதாம் மாதிரியின் எண்ணையும் கேட்டறிவது நலம்.

குறை சிவப்பு என்றால் ஒரு சிவப்புத் தூளைச் சேர்த்துவிடலாமே எனத் தோன்றும். இங்கேதான் கண்ணின் இயல்பு குறுக்கிடுகிறது. கண் எல்லா நிறத்தையும் ஒரே கூர்மையோடு உணர்வதில்லை. 555 நானோமீட்டர் பச்சையில் அதன் உணர்ச்சி உச்சம். அங்கே ஒரு வாட்டு ஒளி 683 லூமென் வெளிச்சமாகும். 610இல் அதில் பாதி. 630இல் கால் பங்குக்குச் சற்று மேல். 650இலோ பத்தில் ஒரு பங்குதான். 700ஐ நெருங்கும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. எனவே சிவப்புத் தூளின் ஒளி 650க்கு அப்பால் வழிந்தோடினால், அதற்குச் செலவான மின்சக்தி கண்ணைப் பொறுத்தவரை கடலிற் கரைத்த பெருங்காயமே. மிகவும் இப்பால் வந்தால் சிவப்பாகத் தோன்றாது. 610க்கும் 635க்கும் இடையில், குறுகிய பட்டையாக, நீல ஒளியை நன்கு ஏற்று ஒளிரும் தூள் வேண்டும். கேட்பதற்கு எளிய இத்தேவையே இருபதாண்டுக்கு மேலாக வேதியியலாரை அலைக்கழித்து வருகிறது.

குழல் விளக்கில் சிவப்பு தந்த இட்ரியம் ஆக்சைடு – யூரோப்பியம் தூளின் ஒளி 611இல் கூர்மையான கோடாக எழுவது. அளவில் அதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் அது புற ஊதாவைத்தான் விரும்பி ஏற்கிறது. நீலத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதன் யூரோப்பியத்தில் எலெக்ட்ரானின் தாவல் உட்கூட்டுக்குள்ளேயே நடப்பதால், எந்த வீட்டில் வைத்தாலும் குணம் பெரிதும் மாறாது.

இரண்டு எலெக்ட்ரான்களை மட்டும் இழந்த யூரோப்பியம் அவ்வாறன்று. சீரியத்தைப் போல் சூழலுக்கு வளைந்து கொடுப்பது. அதை ஆக்சைடுகளில் வைத்தால் பெரும்பாலும் நீலமோ பச்சையோ கிடைக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் சூழ்ந்த படிகத்தில் வைத்தால் பிணைப்பு இறுகி, ஒளி சிவப்புக்கு நகர்கிறது. கால்சியம், அலுமினியம், சிலிக்கன், நைட்ரஜன் சேர்ந்த தூள் ஒன்றை 2006இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நீலத்தை ஆவலுடன் ஏற்பது, வெப்பத்துக்கு அசையாதது, ஈரத்துக்கும் அஞ்சாதது என அதன் நற்குணங்கள் பல. இன்றைய இளஞ்சூட்டு வெண்மை விளக்குகளில் பலவற்றுக்கு இவ்வினத் தூள்களே சிவப்பூட்டுகின்றன. ஆயினும் அவற்றின் ஒளிப்பட்டை அகன்றது. கணிசமான பங்கு கண்ணுக்கு எட்டாத செம்பகுதியில் வீணாகிறது. நிறம் திருந்திய அளவுக்கு லூமென் குறைகிறது. கடையில் ஒரே வாட்டுள்ள இரு விளக்குகளில், நிறத்துல்லியம் மிக்கது சற்றுக் குறைந்த லூமென் காட்டுவதன் காரணம் இதுவே. ஏமாற்று என ஐயுற வேண்டியதில்லை.

இச்சிக்கலுக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு விடை வந்தது. பொட்டாசியம் சிலிக்கோபுளோரைடு என்னும் மலிவான உப்பில் மாங்கனீசு அணுக்களை வைத்தால், 631 நானோமீட்டரை ஒட்டி ஊசிபோன்ற சில சிவப்புக் கோடுகள் எழுகின்றன. நீலத்தையும் அது ஏற்கிறது. அருமண் தனிமம் எதுவும் தேவையில்லை; 1,500 டிகிரி உலையும் வேண்டாம். தொலைக்காட்சித் திரைகளில் இத்தூள் பெரிதும் பரவிவிட்டது. குறைகளும் இல்லாமலில்லை. செய்முறையில் எலும்பு வரை ஊடுருவும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைக் கையாள வேண்டியிருக்கிறது. ஈரம் பட்டால் மாங்கனீசு பழுப்பு ஆக்சைடாகி ஒளி மங்குகிறது. ஆகவே ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய மேலுறை இட வேண்டியுள்ளது. மேலும், ஏற்ற சக்தியை வெளியிட ஒரு நொடியின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. சீரியத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு யுகம். வலிய நீல ஒளி தொடர்ந்து பாய்ந்தால், முந்திய துகளை வெளியிட்டு முடியாத அணு அடுத்ததை ஏற்க முடியாமல் நிற்கும்.

2014இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆராய்ச்சியாளர், ஸ்ட்ரான்ஷியமும் லித்தியமும் அலுமினியமும் சேர்ந்த நைட்ரைடில் யூரோப்பியத்தை வைத்துக் குறுகிய பட்டை பெற்றனர். ஆனால் அது 650இல் நின்றது. 2019இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தோர், அதே இனத்தில் நைட்ரஜனின் ஒரு பகுதியை ஆக்சிஜனால் மாற்றி, பட்டையை 614க்குக் கொணர்ந்தனர். பட்டையின் அகலம் 48 நானோமீட்டர். நாற்பது நானோமீட்டருக்கும் குறைவான இந்நகர்வு சிறிதாகத் தோன்றலாம். கண்ணின் உணர்ச்சிக் கணக்கில் அது நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு.

உலையும் மணலும்

ஆய்வுக்கூடத்தில் ஒளிர்ந்த தூள் எல்லாம் விளக்குக்குள் நிலைத்துவிடுவதில்லை. நீலப் படிகத்தை ஒட்டிய தூள் 100 டிகிரிக்கு மேலும் சூடேறுகிறது. சூட்டில் படிகத்தின் அணுக்கள் வேகமாக அதிர, தாவிய எலெக்ட்ரான் ஒளி தராமலே கீழே இறங்கிவிடுகிறது. கட்டுறுதி மிக்க தாய்ப்படிகமே இதைத் தாங்கும். விளக்கைக் காற்றோட்டமில்லாத மூடிய கூண்டில் பொருத்தினால் வெளிச்சம் குறைவதற்கும் நிறம் நாளடைவில் திரிவதற்கும் இது ஒரு காரணம்.

தூய்மையும் இன்றியமையாதது. கார்னெட் தூளைச் செய்ய இட்ரியம், அலுமினியம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை நிறுத்துக் கலந்து, சிறிது இளக்கியும் சேர்த்து, ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவில் ஏறக்குறைய 1,500 டிகிரியில் சுடுகின்றனர். இரும்பு அணுக்கள் மிகச் சிறிதளவு கலந்தாலும் அவை சக்தியைத் திருடிவிடும். பாத்திரத்தின் துருவே ஒரு சுமைத் தூளைக் கெடுத்துவிடக் கூடும்.

இத்தூள்களின் மூலப்பொருள் தென்னாட்டுக் கடற்கரைக்குப் புதியதன்று. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் கட்டப்பட்ட வலை, 1891இல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்ட முறைப்படி, தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் கொண்டது. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வலை பளிச்சிடாது. தோரியத்துக்காக உலகமெங்கும் மோனசைட் மணலைத் தேடிய காலத்தில், 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் அதைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அவ்வாறு தொடங்கிற்று. அன்று வலையில் நூற்றுக்கு ஒன்றாக ஒளிர்ந்த சீரியமே இன்று கார்னெட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்றாக ஒளிர்கிறது. 1950இல் நிறுவப்பட்ட அருமண் நிறுவனம் இம்மணலிலிருந்து தனிமங்களைப் பிரித்து வருகிறது. மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் மிகுதி. யூரோப்பியம் மிகச் சொற்பம். 2011இல் உலகச் சந்தையில் அருமண்களின் விலை திடீரென ஏறியபோது, யூரோப்பியம் வேண்டாத சிவப்புத் தூளின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. நம் நாட்டில் புதுதில்லி, திருவனந்தபுரம், காரைக்குடி ஆகிய இடங்களிலுள்ள மத்திய ஆராய்ச்சிக் கூடங்களில் ஒளிர்பொருள் ஆராய்ச்சி நடைபெற்று வந்துள்ளது.

வீட்டு விளக்கின் தூள் எத்தகையது என்பதை ஓரளவு அறிய, பயன்படாத குறுந்தட்டு ஒன்று போதும். விளக்கின் முன் அட்டையில் மெல்லிய கீறலிட்டு வைத்து, கீறல் வழி வரும் ஒளி குறுந்தட்டின் பளபளப்பான முகத்தில் விழுமாறு சாய்த்துப் பிடித்தால் நிறமாலை விரியும். எரியிழைக் குமிழில் அது இடைவெளியின்றி ஓடும். பாதரசக் குழலில் தனித்தனிக் கோடுகள் நிற்கும். எல்.இ.டி.யில் முதலில் ஒளிமிக்க நீலம், அடுத்து ஒரு மங்கிய பள்ளம், அதன்பின் பச்சையிலிருந்து செம்மஞ்சள் வரை பரந்த ஒளி என்ற வரிசை தெரியும். இரு வேறு விலையுள்ள விளக்குகளை அருகருகே வைத்து, சிவப்புப் பக்கம் எந்த இடத்தில் ஒளி மறைகிறது என மாணவரைக் குறிக்கச் சொல்லலாம். தட்டின் வளைவால் அளவு துல்லியமாக இராது, ஒப்பிடுவதற்குப் போதும்.